1983 படகா, 2009 படகா? சித்தி பையனின் 32 அடி ஆசைக்கு ஒரு கணக்கு

"அவன் என்னமோ கப்பல் வாங்கப் போறானாம். நீ கொஞ்சம் பேசும்மா, நீ சொன்னாத்தான் கேப்பான்." 2024 ஆகஸ்ட்ல திருச்சியிலிருந்து சித்தி போன் பண்ணி இப்படித்தான் ஆரம்பிச்சாங்க.

கப்பல் இல்லை, யாட். 32 அடி நீளப் பாய்மரப் படகு. சித்தி பையன் இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல சாஃப்ட்வேர் வேலையில இருக்கான். நாலு வருஷமா வார இறுதியில ஆபீஸ் நண்பர்களோட படகு ஓட்டக் கத்துக்கிட்டிருக்கான். சவுத்தாம்ப்டன், ஹாம்பிள், லைமிங்டன்னு அந்தக் கடலோரம் முழுக்க மெரினா. நம்ம ஊர்ல செகண்ட் ஹேண்ட் பைக் விளம்பரம் பார்க்கிற மாதிரி அங்க பசங்க பழைய படகு விளம்பரம் பார்க்கிறாங்க. அந்தச் சமயம் எனக்கும் ஒரு கிளையண்ட் வேலையா ரெண்டு வாரம் லண்டன் போக வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி அவனைப் பார்க்கப் போயிட்டேன்.

லேப்டாப்ல எக்செல் ஷீட் ரெடியா வச்சிருந்தான். மாச வாடகை 1,050 பவுண்ட். படகு வாங்கி அதுலயே குடியிருந்தா வாடகை மிச்சம், அஞ்சு வருஷத்துல 63,000 பவுண்ட். கையில சேமிப்பு 31,000. போதாததுக்கு 15,000 பெர்சனல் லோன். லிஸ்ட்ல ரெண்டு படகு. ஒண்ணு 1983ல கட்டினது, 18,000 பவுண்ட். இன்னொண்ணு 2009ல கட்டினது, 42,000 பவுண்ட். நீளம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

"அக்கா, பழசு ரொம்ப ஸ்ட்ராங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. புதுசுல ஆனா ரெண்டு பெட்ரூம், ஷவர் எல்லாம் இருக்கு. எதை எடுக்கலாம்?"

நான் கேட்ட முதல் கேள்வி வேற. "அந்த மெரினாவுல வருஷம் முழுக்கக் குடியிருக்க விடுவாங்களாடா?"

அவன் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை போன் பண்ணிக் கேட்டான். விடமாட்டாங்களாம். அங்க நிறைய மெரினாக்கள்ல படகையே நிரந்தர வீடாக்க அனுமதி கிடையாது. அனுமதி இருக்கிற இடங்கள் குறைவு, அங்கயும் வெயிட்டிங் லிஸ்ட். அந்த ஒரு போன்ல ஷீட்டிலிருந்த 63,000 காணாம போச்சு. இனி இது வீடு இல்லை, பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. ஆனா அதை முதலீடுன்னு எழுதி வச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பழசு ஸ்ட்ராங்குங்கிறது உண்மையா?

பாதி உண்மை.

ஃபைபர்கிளாஸ்ல பாய்மரப் படகு கட்டுறது 1950கள்ல பரவ ஆரம்பிச்சது. அந்தப் பொருள் எவ்வளவு தாங்கும்னு அப்ப யாருக்கும் சரியாத் தெரியாது. அதனால பாதுகாப்புக்குன்னு லேயர் மேல லேயர் போட்டுத் தடியாவே கட்டினாங்க. நம்ம தாத்தா காலத்து வீட்டுச் சுவர் முக்கால் கஜ அகலத்துக்கு இருக்குமே, அந்தக் கதைதான். 1973 எண்ணெய் நெருக்கடியில ரெசின் விலை எகிறின பிறகுதான் 'இவ்வளவு தேவையா'ன்னு கணக்குப் போட ஆரம்பிச்சாங்க.

அந்தத் தலைமுறைக்கு நல்ல உதாரணம் காண்டெஸா 32. 1970கள்ல லைமிங்டன்ல கட்ட ஆரம்பிச்ச படகு. நீளம் 32 அடி, அகலம் வெறும் 9 அடி 6 அங்குலம். மொத்த எடையில கிட்டத்தட்ட பாதி, கீழே கீல்ல இருக்கிற பாரம்தான். கவிழ்ந்து 150 டிகிரி தாண்டிப் போனாலும் தானா நிமிர்ந்துக்கும். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்துல 303 படகுகள் கிளம்பின. நடுக்கடல்ல புயல் வந்து பந்தயத்துல இருந்த 15 பேர் இறந்துட்டாங்க. மிகச் சின்னப் படகுகளோட பிரிவுல கடைசி வரை முடிச்ச ஒரே படகு 'அஸெண்ட்' என்கிற காண்டெஸா 32. அந்தப் பேரை வச்சு இன்னிக்கும் பழைய காண்டெஸாக்கள் விலை பேசுது.

ஆனா தடியா இருந்தாலே பலம்னு அர்த்தம் இல்லை. கண்ணாடி இழை எவ்வளவு, ரெசின் எவ்வளவுங்கிற விகிதம்தான் பலம். பழைய படகுகள் பலதுல ரெசின் அதிகம். அதாவது எடை இருக்கு, அதுக்கேத்த பலம் இல்லை. அடுத்து அந்தக் கால பாலியெஸ்டர் ரெசின் மெதுவாத் தண்ணியை உறிஞ்சும். வருஷக்கணக்கா ஊறினா வெளித்தோல் கொப்புளம் கொப்புளமா எழும்பும். ஆஸ்மோஸிஸ்னு பேரு. படகு மூழ்கிடாது, ஆனா தோலை உரிச்சு, மாசக்கணக்கா காயவச்சு, எபாக்சி பூசணும். சின்னப் படகா இருந்தா அந்த பில் படகு விலையையே தொட்டுடும். பிற்பாடு வந்த படகுகள்ல வெளி லேயருக்கு வினைல் எஸ்டர் ரெசின் போட ஆரம்பிச்சதும் இந்தத் தொல்லை ரொம்பக் குறைஞ்சது. இந்த விஷயத்துல புதுசுதான் ஜெயிக்குது.

பழசுல இன்னொரு பெரிய பொறி தேக்கு டெக். போட்டோவுல பார்த்தா அப்படியே மயங்கிடுவீங்க. பல படகுகள்ல அந்தத் தேக்குப் பலகைகளை நூற்றுக்கணக்கான ஸ்க்ரூ போட்டு டெக்குல முடுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஓட்டை. டெக்கோட உள்ளே சாண்ட்விச் மாதிரி பால்ஸா மரம் வச்சிருந்தா, முப்பது நாப்பது வருஷத்துல தண்ணி இறங்கி அது ஊறின பிஸ்கட் ஆயிடும். நாங்க பார்த்த 1983 படகுல நல்லவேளையா தேக்கு இல்லை.

புதுசு கதை

புதுப் படகுகள் தொழிற்சாலை வரிசையில வர்றது. ஜெர்மனியில பவேரியா யாட்ஸ்னு ஒரு கம்பெனி, கடலே இல்லாத கீபெல்ஸ்டாட்ங்கிற ஊர்ல கார் மாதிரி படகு கட்டிக் குவிச்சது. மரவேலை எல்லாம் மெஷின் வெட்டுது, அளவு துல்லியம். அதனாலதான் விலை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டினது. (அந்தக் கம்பெனி கதை தனி வீடியோ போடலாம். 2007ல பெயின் கேபிடல் கடன் போட்டு வாங்கி, ரெண்டே வருஷத்துல கடன் கொடுத்தவங்க கைக்குப் போய், 2018ல திவால் மனு வரைக்கும் வந்தது.)

அதே 32 அடியில இப்ப அகலம் 11 அடிக்கு மேல. பின்பக்கமும் அகலம். அந்த இடத்துலதான் ரெண்டாவது பெட்ரூம் வருது. எடையும் விலையும் குறையணும்னா, உடல் மெலிசா இருக்கணும். மெலிசான உடல் வளையாம இருக்க, உள்ளே வார்த்தெடுத்த ஒரு கட்டச் சட்டத்தை பசை வச்சு ஒட்டுறாங்க. பழசுல ஒவ்வொரு தடுப்பையும் கையால ஃபைபர் போட்டு உடலோட சேர்த்தே கட்டுவாங்க. புதுசுல பசையும் சட்டமும். ஒழுங்காச் செஞ்சா இதுவும் பலம்தான். பிரச்சினை, படகு எப்பவாவது தரை தட்டியிருந்தா அந்தப் பசை உள்ளுக்குள்ள விட்டிருக்கலாம். சட்டத்துக்கு அடியில இருக்கிறதால வெளியில தெரியாது.

2014 மே மாசம் 'சீக்கி ரஃபீக்கி'ங்கிற பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 படகு ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பி வரும்போது, அட்லாண்டிக் நடுவுல அதோட கீல் பிய்ஞ்சு போச்சு. நாலு பேர் போயிட்டாங்க. பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, முன்னாடி தரை தட்டினதும் அதுக்குப் பிறகு செஞ்ச ரிப்பேர்களும் சேர்ந்து கீல் பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம்னு சொன்னது. அதனால புதுசு எல்லாம் மோசம்னு இல்லை. அந்த மாதிரிப் படகு வாங்கும்போது 'எப்பவாவது தரை தட்டியிருக்கா? ரிப்பேர் பில் எங்கே?'ங்கிற கேள்வியை விடவே கூடாது.

நாங்க 2009 படகுல கேட்டோம். புரோக்கர் சிரிச்சுக்கிட்டே இன்ஜின் பத்திப் பேச ஆரம்பிச்சார். தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தா கீல் போல்ட்டுக்குப் பின்னால சட்டத்துல மயிரிழை மாதிரி ஒரு கீறல். "பெயிண்ட்டுதான்"னார். பெயிண்ட்டாவே இருக்கலாம். நான் ஆடிட்டர், இன்ஜினியர் இல்லை. ஆனா கேள்விக்கு நேரா பதில் சொல்லாத ஆளை இருபது நிமிஷத்துல அடையாளம் தெரியும், அதுதான் எங்க பிழைப்பு.

ஐரோப்பாவுல 1998 ஜூனிலிருந்து விற்பனைக்கு வர்ற புதுப் படகுக்கு சி.இ. முத்திரை கட்டாயம். அது இருந்தா எல்லாம் தரம்னு நினைச்சுடாதீங்க. தண்ணிக்குக் கீழே படகு உடல்ல ஓட்டை போட்டு வைக்கிற வால்வு இருக்கே, சீகாக், அது உடைஞ்சா படகு நேரா கீழேதான். அதுக்கான தரவிதி துருப்பிடிக்காம இருக்க வேண்டிய காலம்னு வச்சது அஞ்சே வருஷம். அதனால பல கம்பெனிகள் வெண்கலத்துக்குப் பதிலா சாதாரண பித்தளையில போட்டாங்க. உப்புத்தண்ணியில பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைஞ்சு, வெளியில பளபளன்னு இருந்தாலும் உள்ளே பொரிகடலை மாதிரி ஆயிடும். வெண்கல சீகாக் போட்ட பழைய படகு இதுல ஒரு படி மேல. நம்ம 1983 படகுல நடுவுல ஒரு ஓனர் பித்தளைக்கு மாத்தி வச்சிருந்தார், அது வேற கதை.

சரி, கணக்கு

நம்ம வருமான வரி விதிகள்ல கப்பலுக்கு 20% தேய்மானம் தர்றாங்க. சந்தையில அப்படி ஒரே விகிதத்துல விலை இறங்காது. புதுசு முதல் பத்து வருஷம் வேகமா விழும், அப்புறம் மெதுவாகும், முப்பது நாப்பது வயசுல கிட்டத்தட்ட தரையில நிக்கும். அதுக்கு அப்புறம் விலை வயசை வச்சு இல்லை, நிலைமையை வச்சு. நான் கணக்குக்காக எடுத்துக்கிட்டது: 2009 படகு வருஷம் 6% இறங்கும், 1983 படகு 2%. இது என் அனுமானம், நீங்க மாத்திப் போட்டுப் பாருங்க.

2009 படகு: 42,000 அஞ்சு வருஷத்துல சுமார் 30,800 ஆகும். நஷ்டம் 11,200. லோன் 15,000க்கு 8% வட்டி, 60 மாசம், மாசத் தவணை 304, மொத்த வட்டி 3,250. சேமிப்பிலிருந்து போடற 27,000 சும்மா பேங்க்ல 4%ல கிடந்திருந்தாலே 5,850 வந்திருக்கும். ஆக 20,300.

1983 படகு: 18,000 சுமார் 16,270 ஆகும், நஷ்டம் 1,730. போட்ட பணத்தோட வட்டி இழப்பு 3,900. ஆனா உடனே செய்ய வேண்டிய வேலை 9,000: பாய்மரத்தைப் பிடிச்சு நிக்கிற ஸ்டீல் கம்பிகள் 4,000, பாய் 3,000, சீகாக் 1,000, வயரிங்கும் கேஸ் லைனும் 1,000. இந்த 9,000 விக்கும்போது திரும்பாதுன்னே வச்சுக்கணும். அதுக்கும் வட்டி இழப்பு 1,950. ஆக 16,580.

பார்த்தீங்களா? வாங்குற விலையில 24,000 வித்தியாசம். அஞ்சு வருஷச் செலவுல 3,700 தான். தம்பி முகம் மலர்ந்துடுச்சு. "அப்ப புதுசே எடுத்துடலாமேக்கா!"

இங்கதான் 15 வயசுப் படகோட தந்திரம். அந்த ஸ்டீல் கம்பிகளை 10லிருந்து 15 வருஷத்துக்குள்ள மாத்தியிருக்கணும்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல கேட்கும். 2009 படகுல இருந்தது ஒரிஜினல் கம்பி. இன்ஜினோட கால் படகு உடலைத் துளைச்சு வெளியே வர்ற டிசைன், சேல்டிரைவ்னு சொல்வாங்க. அதைச் சுத்தி ஒரு பெரிய ரப்பர் சீல். வால்வோ பென்டா ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்லுது. இதுல மாத்தின பில்லே இல்லை. கம்பி 4,000, சீல் வேலை 1,000. பெரிய செலவு வர்ற வருஷத்துலதான் நிறைய பேர் படகை விளம்பரத்துல போடுவாங்க. டைமிங் பெல்ட் மாத்துற கிலோமீட்டர்ல கார் விக்கிற ஆளை நீங்களும் பார்த்திருப்பீங்க.

அந்த 5,000மும் அதோட வட்டியும் சேர்ந்தா 26,400. இப்ப வித்தியாசம் 9,800. அதைவிட முக்கியம், 27,000 போட்ட பிறகு அவன் கையில மிச்சம் 4,000. உடனடி வேலை 5,000. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுகிறது இதுதான்.

மெரினா வாடகை நீளத்தை வச்சு, மீட்டருக்கு இவ்வளவுன்னு. அதனால ரெண்டு படகுக்கும் ஒண்ணுதான். அவன் வாங்கின கொட்டேஷன்படி மெரினா, இன்ஷூரன்ஸ், வருஷத்துக்கு ஒருமுறை தண்ணியிலிருந்து தூக்கி அடியில பெயிண்ட் அடிக்கிறது, இன்ஜின் சர்வீஸ் எல்லாம் சேர்ந்து வருஷம் 7,800. மாசம் 650. வீட்டு வாடகைக்கு மேல இது.

அப்புறம் நான் அவன்கிட்ட விசாவைப் பத்திக் கேட்டேன். வேலை விசாவுல இருக்கான். வேலை போனா 60 நாள், அதுக்குள்ள வேற ஸ்பான்சர் கிடைக்கணும், இல்லேன்னா ஊரைக் காலி பண்ணணும். படகு 60 நாள்ல விக்காது. அதுவும் நவம்பர்ல வேலை போச்சுன்னா வசந்த காலம் வரைக்கும் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். மெரினா பில் மட்டும் மாசா மாசம் வரும். அவன் ஒரு ரெண்டு நிமிஷம் பேசலை. அப்பாவோட வீட்டுக் கடன்ல இவன் மாசம் இருபதாயிரம் ரூபாய் அனுப்புறான், அதுவும் அப்ப ஞாபகம் வந்திருக்கும்.

ஆறு மாசச் செலவு 10,500 பவுண்டைத் தொடாம தனியா வை, மிச்சத்துல என்ன வேணா வாங்குன்னு சொன்னேன். அந்தக் கணக்குப்படி 2009 படகு வெளியே. 1983 படகும் 18,000ல வெளியேதான்.

சர்வேயர் வந்த நாள்

ஆனாலும் அவனுக்கு அந்தப் பழைய படகை விட மனசில்லை. விலை பேசி, சர்வே ரிப்போர்ட் சரியா வந்தாத்தான் வாங்குவேன்னு எழுதி, டெபாசிட் கட்டினான். படகைத் தூக்கறதுக்கும் சர்வேக்கும் சேர்த்து 950. வாங்கினாலும் வாங்காட்டியும் அந்தப் பணம் போனது போனதுதான். நான் இதைச் செலவுன்னு பார்க்கலை, 18,000க்கு எடுத்த இன்ஷூரன்ஸ்.

நான் அப்ப ஊருக்கு வந்துட்டேன், வீடியோ கால்ல பார்த்தேன். சர்வேயர் ஒரு சின்னச் சுத்தியலை வச்சு இன்ச் இன்ச்சா தட்டிக்கிட்டே போறார். தேங்காய்க்காரர் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி. டங்குன்னு வந்தா நல்லது, தொப்புன்னு வந்தா உள்ளே ஊறியிருக்கு. அப்புறம் ஈரம் பார்க்கிற மீட்டர். அடிப்பகுதியில பெரிசா ஆஸ்மோஸிஸ் இல்லை. டெக்குல பாய்மரத்துக்கு முன்னால ஒரு சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஊறியிருக்குன்னு எழுதினார். சீகாக் ரெண்டை விரலால ஆட்டினா ஆடுது.

அந்த ரிப்போர்ட்டை வச்சு 13,500க்கு முடிஞ்சது. பாய் வாங்குறதைத் தள்ளிப் போட்டான். 31,000ல 13,500 போய், வேலைக்கு 6,000 போய், சர்வே 950 போய், மிச்சம் 10,550. நான் சொன்ன கோட்டுக்கு 50 பவுண்ட் மேல. வேணும்னே அப்படிப் பேரம் பேசினானான்னு இன்னும் சந்தேகம் இருக்கு. லோன் இல்லை.

பேப்பர் விஷயம் ஒண்ணு. இங்கிலாந்துல 'ஸ்மால் ஷிப்ஸ் ரிஜிஸ்டர்'னு ஒரு பதிவு உண்டு. விற்கிறவர் அதைக் காட்டினார். அது உரிமைக்கு அத்தாட்சி ஆகாது. படகு மேல அடமானம் இருந்தாலும் அதுல தெரியாது. முதல் பில்லிலிருந்து ஒவ்வொரு கைமாத்தத்துக்கும் விற்பனைப் பத்திரம் இருக்கான்னு பார்க்கணும், நம்ம மூலப் பத்திரம் பார்க்கிற மாதிரியே. நாலு ஓனர்ல மூணாவது ஆளோட பத்திரம் இல்லை. அது கிடைக்க மூணு வாரம் ஆச்சு. அது கைக்கு வர்ற வரைக்கும் பணம் அனுப்பாதேன்னு தினமும் மெசேஜ் போட்டேன். பழைய படகுக்கு வாட் கட்டினதுக்கான ஆதாரமும் கேட்பாங்க. 1985க்கு முன்னாடி புழக்கத்துக்கு வந்து, 1992 டிசம்பர் 31ல ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இருந்த படகுக்கு வாட் கட்டியாச்சுன்னு எடுத்துக்கிற விதி அந்தக் காலத்துல இருந்தது. 1983ங்கிறது அந்த விதத்துலயும் ராசியான வருஷம்தான்.

மெரினாவை விட்டுட்டு ஆத்து நடுவுல மிதவையில கட்டுற இடம் எடுத்திருக்கான். மெரினா வாடகையில மூணுல ஒரு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு தடவையும் சின்ன ரப்பர் படகுல துடுப்புப் போட்டுப் போய் ஏறணும். டெக் வேலையை யூடியூப் பார்த்து அவனே செய்றான், எட்டு வார இறுதி ஆச்சு, இன்னும் முடியலை. முதல் வருஷத்துக்கு நான் போட்ட பட்ஜெட்டை ஏற்கெனவே 1,100 பவுண்ட் தாண்டிட்டான். அதுல 400 நான் எதிர்பார்க்காத கேஸ் அடுப்பு. போன வாரம் அதுல டீ போட்டு, போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டான். சித்தி கேட்ட ஒரே கேள்வி: "இதுல பாத்ரூம் எங்கடா இருக்கு?"

கணக்கு ஷீட்டோட லிங்க் வீடியோவுக்குக் கீழே இருக்கு. 6%, 2%ங்கிற ரெண்டு கட்டத்தையும் மஞ்சள்ல விட்டிருக்கேன், பழைய கார், பழைய ஃபிளாட் எதுக்கு வேணாலும் உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.